மானிட்டரில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டு

கிடங்கு இருப்புக் கணக்குக்காக நாங்கள் எழுதிய மென்பொருளை நாள் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு பெண்மணியின் மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, ஒரு பிற்பகல் முழுவதும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த மென்பொருளில் சரக்கு வரவைப் பதிவு செய்யும் திரையை எழுதியவன் நான். அது பயன்பாட்டுக்கு வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திரையைப் பற்றிய புகார் என்று ஒன்றுகூட எங்களுக்கு வந்ததில்லை. ஆகவே அது நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அவருடைய மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒரு துண்டுச் சீட்டு செலோடேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஓரம் சுருண்டு, மை மங்கிப்போன பழைய சீட்டு. அதில் இரண்டே வரிகள்: ‘எஃப்5 அழுத்தக் கூடாது. முடி பட்டனை 2 தடவை அழுத்தணும்.’ இது என்ன என்று கேட்டேன். “அது அப்படித்தான் சார். புதுசா வர்றவங்களுக்கும் இதைத்தான் முதல்ல சொல்லிக் குடுப்போம்” என்றார். அவர் குரலில் குறைப்படுதல் எதுவும் இல்லை. கதவு நிலை தாழ்வாக இருக்கிறது, குனிந்து வாருங்கள் என்று வீட்டுக்கு வந்தவரிடம் சொல்வதைப் போல இயல்பாகச் சொன்னார்.

முதல் வரியின் காரணம் எனக்கு உடனே விளங்கியது. எஃப்5 என்பது பக்கத்தைப் புதுப்பிக்கும் விசை. பதிவு முடிந்த பக்கத்தில் அதை அழுத்தினால் பிரவுசர் அதே படிவத்தை மீண்டும் அனுப்பிவிடும். ஒரே லோடு சரக்கு கணக்கில் இரண்டு முறை ஏறிவிடும். இரண்டாவது வரி விளங்கத்தான் நேரம் பிடித்தது. அவர் அளவைத் தட்டெழுதிவிட்டு நேராக மவுஸை எடுத்து ‘முடி’ பட்டனை அழுத்துவார். அழுத்திய கணத்தில் கர்சர் அளவுக் கட்டத்தை விட்டு வெளியே வரும். வந்ததும் நான் எழுதிய சரிபார்ப்பு ஓடும். சரிபார்ப்பு முடிந்ததும் கட்டத்துக்குக் கீழே ‘மொத்தம்’ என்ற ஒரு வரி புதிதாகத் தோன்றும். அந்த ஒரு வரியின் உயரத்துக்குப் பட்டன் கீழே நகர்ந்துவிடும். விரலை எடுக்கும்போது சுட்டியின் கீழே பட்டன் இருக்காது, வெற்றிடம்தான் இருக்கும். எனவே முதல் அழுத்தம் எங்கும் போய்ச் சேராது. நான் சோதித்தபோதெல்லாம் டேப் விசையில் நகர்ந்து எண்டர் தட்டிப் பழகியவன் என்பதால், இது என் கண்ணில் ஒரு முறைகூடப் படவில்லை.

திரும்பி வந்ததும் எங்கள் கோரிக்கைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். திரையைப் பற்றிய புகார் இல்லைதான். ஆனால் ‘இரட்டைப் பதிவை நீக்கித் தரவும்’ என்ற கோரிக்கைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கேட்டவர் தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டு, ‘தவறுதலாக அழுத்திவிட்டேன்’ என்று எழுதியிருந்தார். நாங்களும் அதை அப்படியே ஏற்று, தரவுத்தளத்தில் ஒரு வரியை நீக்கி, ‘பயனர் பிழை’ என்று வகைப்படுத்தி மூடியிருந்தோம். அவற்றில் சிலவற்றை மூடியது நான்தான்.

நான் செய்த திருத்தம் என்று ஒன்று உண்டு. இரட்டைப் பதிவுகள் அடிக்கடி வருவதைக் கண்டு, ‘இந்த வரவைப் பதிவு செய்ய வேண்டுமா? உறுதியா?’ என்று கேட்கும் ஒரு பெட்டியைச் சேர்த்திருந்தேன். அரை மணி நேர வேலை. அந்தப் பிற்பகலில் அவர் அந்தப் பெட்டியை எப்படிக் கடக்கிறார் என்பதை உன்னிப்பாகக் கவனித்தேன். அவருடைய கண் திரையில் இல்லை. இடது கையால் அடுத்த பில்லைப் புரட்டி அதில் பதிந்திருந்தது. வலது கை மவுஸை இரண்டு முறை அழுத்தி, அப்படியே நகர்ந்து எண்டரைத் தட்டியது. பெட்டி முழுதாகத் தோன்றுவதற்கு முன்பே ‘சரி’ என்ற விடை போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் 43 முறை அந்தப் பெட்டி வந்தது. ஒரு முறைகூட அது படிக்கப்படவில்லை. படிக்க அதில் ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை. அவர் எதைப் பதிவு செய்கிறார் என்று அது சொல்லவில்லை. அதே பில் ஐந்து நிமிடங்களுக்கு முன் ஏறிவிட்டது என்றும் சொல்லவில்லை. உறுதியா என்று மட்டும் கேட்டது. தவறு நடந்தால் ‘நாங்கள் கேட்டோமே’ என்று பின்னாளில் சொல்லிக்கொள்ள எங்களுக்குக் கிடைத்த ஒரு ரசீது அது. அவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மென்பொருள் துறையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது ஊன்றிப் படிக்க வேண்டியது தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தின் கதை. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள் அந்த இயந்திரத்தால் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களில் சிலர் இறந்துபோனார்கள். முந்தைய மாடல்களில் தவறான அளவைத் தடுக்க வன்பொருள் பூட்டுகள் இருந்தன; இதில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் மென்பொருளிடம் விடப்பட்டது. 1986 மார்ச்சில் டெக்சாஸில் நடந்த விபத்தில், இயக்குபவர் எலக்ட்ரான் சிகிச்சைக்கான எழுத்துக்குப் பதிலாக எக்ஸ்-ரேக்கான எழுத்தைத் தட்டிவிட்டு, உடனே மேல் அம்புக்குறியால் நகர்ந்து வேகமாகத் திருத்தினார். அந்த வேகத் திருத்தத்தை மென்பொருளின் ஒரு பகுதி கவனித்தது, இன்னொரு பகுதி தவறவிட்டது. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. இயந்திரத்தின் உள்ளே அமைப்பு வேறாக இருந்தது. சிகிச்சை தொடங்கியதும் ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற செய்தி வந்து நின்றது. 54 என்றால் என்ன என்பதற்கு இயக்குபவர் கையேட்டில் விளக்கம் இல்லை. கொடுத்த அளவு மிகக் குறைவு என்று திரை காட்டியது. இயந்திரம் இப்படி அடிக்கடி நின்று, ‘பி’ விசையைத் தட்டியதும் தொடர்வது அன்றாட வழக்கம், அவரும் தட்டினார். உள்ளே படுத்திருந்தவர் மேல் இரண்டாவது முறையும் கதிர்வீச்சு பாய்ந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலரும் மென்பொருளின் இரு பகுதிகளுக்குள் நேரப் பொருத்தம் தவறியதால் வந்த அந்தப் பிழையை மட்டும் எடுத்துப் பேசுவார்கள். நிரலாளருக்கு அதுதான் சுவாரசியம். எனக்கோ அந்த ‘பி’ விசைதான் நினைவில் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் பல முறை வரும் அறிவிப்பு, புரியாத எண், ஒரே விசையில் கடந்துபோகும் வசதி ஆகிய மூன்றும் சேர்ந்தால், எத்தனை பொறுப்பான மனிதரின் விரலும் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளும். அப்படிப் பழக்கியது திரை.

பெட்டி தெளிவாகவே எழுதப்பட்டிருந்தால் போதுமா என்று கேட்கலாம். அதற்கும் ஒரு சான்று உண்டு. 2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டிபேங்க், ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டியை அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பப்பட்டதோ கிட்டத்தட்ட 90 கோடி டாலர். வங்கி பயன்படுத்திய ஃபிளெக்ஸ்கியூப் என்ற மென்பொருளில், அசல் தொகையை வெளியே விடாமல் வங்கியின் உள்கணக்கிலேயே நிறுத்திவைக்க வேண்டுமானால் மூன்று கட்டங்களில் அந்த உள்கணக்கின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். ‘பிரின்சிபல்’ என்ற கட்டம் ஒன்று. மற்ற இரண்டின் பெயர்கள் ‘ஃபிரண்ட்’, ‘ஃபண்ட்’. அசலை நிறுத்தவேண்டும் என்றால் ‘அசல்’ என்று பெயருள்ள கட்டத்தை நிரப்பினால் போதும் என்று எவரும் நினைப்பார்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்புதல் தர வேண்டும் என்பது அங்கே விதி. மூன்று பேரும் பார்த்தார்கள்; மூன்று பேருக்கும் சரியாகவே தெரிந்தது. கடைசியில் ஒரு எச்சரிக்கைப் பெட்டியும் வந்தது. பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று அது கேட்டது. அதில் பொய் இல்லை. வட்டிப் பணம் வெளியேதானே போக வேண்டும்! எவ்வளவு பணம் போகிறது என்பதை மட்டும் அந்தப் பெட்டி சொல்லவில்லை. மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. பணத்தைத் திருப்பித் தராதவர்களிடமிருந்து சுமார் 50 கோடி டாலரை மீட்பதற்கான வழக்கில் வங்கி 2021இல் தோற்று, 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் வென்றது.

அந்தப் பெட்டியில் தொகை என்ற ஒரே ஒரு எண் இருந்திருந்தால் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். எழுதியவருக்கு அது எத்தனை நிமிட வேலையாக இருந்திருக்கும்? தொகையைக் காட்ட வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள். எச்சரிக்கை ஒன்று வைக்க வேண்டும் என்பது பட்டியலில் ஒரு வேலை, வைத்தாயிற்று, முடிந்தது. எந்தக் கணத்தில், எதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது தெரியப்போகிறது என்பது பட்டியலில் இல்லை.

இதே நிரலாளர்கள் தமக்கென்று கருவி செய்துகொள்ளும்போது எவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள் என்பதைப் பார்க்கும்போதுதான் வருத்தம் கூடுகிறது. ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலர், அதாவது நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவி, பிழையைச் சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மதிப்பை வேறிடத்துக்குக் கொடுத்துவிட்ட பிறகு அதை மீண்டும் பயன்படுத்தினால், தவறு என்று சொல்லி அது நின்றுவிடுவதில்லை. கைமாறியது இந்த வரியில், மறுபடி தொட்டது இந்த வரியில் என்று இரண்டையும் என் நிரலிலிருந்தே எடுத்து அடுத்தடுத்து வைத்து, கீழே கோடிட்டுக் காட்டுகிறது. என்ன செய்தால் சரியாகலாம் என்றும் பல சமயம் ஒரு யோசனையைச் சேர்க்கிறது. பிழை எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டால் உதாரணத்தோடு ஒரு பக்கம் விரிகிறது. இது தானாக அமைந்ததன்று. எல்ம் மொழிக்காரர்கள் 2015 வாக்கில் மனிதருக்குப் புரியும் பிழைச்செய்தி என்பதை ஒரு குறிக்கோளாகவே எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து ரஸ்ட் குழுவும் 2016இல் தம் பிழைச்செய்திகளின் வடிவத்தைத் திருத்தி அமைத்தது. புரியாத பிழைச்செய்தியையும் கம்பைலரின் குறையாகவே அங்கே பதிவு செய்கிறார்கள். ‘படித்தவருக்குப் புரியவில்லை’ என்பது அங்கே ஏற்கப்பட்ட ஒரு புகார். எங்கள் பட்டியலில் அது ‘பயனர் பிழை’.

கோப்புகளுக்குள் சொற்களைத் தேடித் தரும் ரிப்கிரெப் என்ற கருவியையும் சொல்ல வேண்டும். 2016இல் ஆண்ட்ரூ கேலன்ட் வெளியிட்டது. அதன் வேகத்தை எல்லோரும் புகழ்வார்கள். நான் அதைத் தினமும் எடுப்பது வேறொரு காரணத்துக்காக. நிரலில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் என்ற கருவி புறக்கணிக்க வேண்டும் என்று குறித்த கோப்புகளையும், மறைந்த கோப்புகளையும், பைனரிக் கோப்புகளையும் நான் சொல்லாமலே விட்டுவிடுகிறது. கிரெப் என்ற பழைய தேடல் கருவியில் நான் ஒவ்வொரு முறையும் நீளமாக எழுதிக்கொண்டிருந்ததை, எதுவும் எழுதாமலே எனக்குச் செய்து தருகிறது. வழக்கமாக ஒருவர் எதை விரும்புவார் என்று முன்கூட்டியே யோசித்து அதையே இயல்பு நிலையாக வைத்தது பெரிய காரியம்.

ஆனால் நிரலாளரின் கருவிகள் எல்லாம் இப்படி என்று சொல்லிவிட முடியாது. கிட் இதற்கு நல்ல உதாரணம். ஒரே கருவிக்குள் மிக நல்லதும் மிக மோசமானதும் அருகருகே உள்ளன. ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளை, நிரலின் ஒரு கிளையிலிருந்து, அதாவது தனியாக வளரும் ஒரு வடிவத்திலிருந்து, இன்னொரு கிளைக்குப் போகவும் பயன்பட்டது, ஒரு கோப்பில் செய்த மாற்றங்களைத் தூக்கி எறியவும் பயன்பட்டது. முதலாவது தீங்கற்ற செயல். இரண்டாவதிலிருந்து மீள வழியில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கிளைக்கு மாறுவதற்காகப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் அழுத்தினேன். அதே எழுத்துகளில் தொடங்கும் ஓர் அடைவின் (கோப்புறையின்) பெயர் நிரம்பியது. கவனிக்காமல் எண்டர் தட்டினேன். அந்த அடைவில் காலையிலிருந்து எழுதியிருந்த அத்தனையும், ஒரு சொல்லும் சொல்லாமல், பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அன்று நான் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். 2019 ஆகஸ்டில் வெளிவந்த கிட் 2.23 பதிப்பில் அந்தக் கட்டளையின் இரண்டு வேலைகளையும் பிரித்து, கிளை மாற ‘ஸ்விட்ச்’, கோப்பை மீட்க ‘ரெஸ்டோர்’ என்று இரண்டு கட்டளைகள் வந்தபோதுதான், அது என் விரலின் தவறு மட்டுமன்று என்று மனம் ஒப்பியது. கிட் தொடங்கியது 2005இல். இந்தப் பிரிவுக்கு 14 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அதே கிட்டில், நாம் நின்ற இடங்களைக் குறித்து வைக்கும் ‘ரெஃப்லாக்’ என்ற பதிவேடு இருக்கிறது. கமிட் செய்த, அதாவது கிட்டில் பதிந்துவைத்த, எதையும் அது அத்தனை எளிதில் தொலைய விடாது. கிளையை அழித்தாலும், வரலாற்றைத் திருத்தி எழுதினாலும், நான் நின்றிருந்த இடங்களின் சுவடு வழக்கமான அமைப்பில் 90 நாள் வரை இருக்கும். எந்தக் கிளையோடும் ஒட்டாமல் போனவற்றுக்கு 30 நாள். இந்தப் பாதுகாப்பு இருப்பது தெரிந்த பிறகுதான் நான் கிட்டில் துணிந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டேன். தொலையாது என்று தெரிந்தால் கை தயங்குவதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

யூனிக்ஸ் என்ற பழைய இயக்குதளத்தின் கட்டளைகளுடைய சுருக்கத்துக்கும் மௌனத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. அன்று அவற்றை இயக்கிய டெலிடைப் 33 போன்ற இயந்திரங்கள் நொடிக்கு 10 எழுத்துகள்தான் அச்சிடும். ஒரு வரி அறிவிப்பு என்றால் பல நொடிகள் காத்திருக்க வேண்டும். எனவே எல்லாம் நலமென்றால் பேசாமல் இருப்பதே மரியாதை. அந்த இயந்திரம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மௌனம் மட்டும் இன்னும் நம்மிடம் இருக்கிறது. காரணம் மறைந்த பிறகும் அதையே மரபு என்றும், அதற்குப் பழகாதவரைத் தகுதியற்றவர் என்றும் பேசும் ஒரு போக்கு நம் துறையில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் பட்ட கஷ்டத்தை நீயும் படு என்பது பயிற்சி ஆகாது.

இங்கே பேச்சு திரையிலிருந்து குழுவின் பண்புக்கு வருகிறது; இரண்டும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், சோதனைத் தரவுத்தளம் என்று நினைத்துக்கொண்டு உண்மையான தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையைக் காலி செய்துவிட்டேன். கட்டளை தட்டும் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திரையில் அருகருகே திறந்திருந்தன. இரண்டிலும் ஒரே வடிவில் ஒரே சொற்கள். கை நடுங்க, குழுவின் மூத்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் பேக்கப்பை எடுக்க ஆளை ஏற்பாடு செய்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அந்த நேரத்துல உனக்குத் திரையில என்ன தெரிஞ்சுது? அப்படியே காட்டு” என்றார். காட்டினேன். இரண்டு ஜன்னல்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எனக்கே வித்தியாசம் தெரியலையேப்பா” என்றார். அன்று மாலைக்குள் உண்மையான சர்வர்களின் ஜன்னல் எல்லாம் சிவப்புப் பின்னணிக்கு மாறியிருந்தது. ஏன் கவனிக்கவில்லை என்று அவர் கேட்டிருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். ஜன்னல்கள் அப்படியே இருந்திருக்கும். அடுத்த ஆண்டு வேறு யாரோ அதே தவறைச் செய்திருப்பார்கள்.

இதே பாடத்தை உலகறியக் கற்றுக்கொண்ட நிறுவனம், நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப். 2017 ஜனவரி 31 இரவு, நெடுநேரம் வேலை செய்து களைத்திருந்த ஒரு பொறியாளர், துணைத் தரவுத்தளத்தின் அடைவை அழிப்பதாக நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் அடைவை அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் எஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், வழக்கமாக எடுக்கப்பட வேண்டியது பதிப்புப் பொருந்தாமையால் நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களோ பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணுக்கும் எட்டவில்லை. தற்செயலாகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியிலிருந்துதான் மீட்டார்கள். இவை எல்லாவற்றையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்; மீட்பு வேலையை நேரலையிலேயே காட்டினார்கள்; தவறு செய்தவரை முன்னிறுத்தித் தண்டிக்கவில்லை. திருத்த வேண்டியவை என்று அவர்கள் எழுதிக்கொண்ட பட்டியலில், எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது தெளிவாகத் தெரியும்படி கட்டளை வரியின் முகப்பை மாற்றுவதும் ஒன்று. அதைப் படித்தபோது எங்கள் மூத்தவரின் சிவப்பு ஜன்னல் நினைவுக்கு வந்தது.

அடுத்த மாதமே, 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சில மணி நேரம் முடங்கியது. சில சர்வர்களை நீக்கும் கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாகத் தட்டப்பட்டு, நினைத்ததைவிட மிக அதிகமானவை நீங்கிவிட்டன. இனி கவனமாகத் தட்டுங்கள் என்று சுற்றறிக்கை விடுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கருவியையே திருத்தி, சர்வர்களை மெதுவாக நீக்கும்படியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் நீக்கத்தை அது ஏற்காதபடியும் செய்தார்கள்.

எங்கள் திரைக்கு வருகிறேன். அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, பதிந்ததைத் திரும்பப் பெறும் வசதியைத் தர வேண்டும் என்று குழுவில் சொன்னேன். “பெட்டி போட அரை மணி நேரம் ஆச்சு, இதுக்கு மூணு வாரமா?” என்று மேலாளர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். திரும்பப் பெறுதல் என்பது ஒரு பட்டன் அன்று. சரக்கு வரவு பதிந்த கணமே இருப்பு கூடுகிறது. அதை வைத்து ஒருவர் உடனே சரக்கை வெளியே அனுப்பியும் விடலாம். கணக்குப் பிரிவுக்கு ஒரு செய்தி போய்விடுகிறது. இவற்றையெல்லாம் பின்னோக்கி இழுக்க வேண்டுமானால், பதிவை அழிக்காமல் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று குறிக்க வேண்டும். எதிர்ப் பதிவு போட வேண்டும். வெளியே போகும் செய்தியைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும். ஜிமெயிலில் அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பப் பெறும் வசதியும் இப்படித்தான் இயங்குகிறது. போன அஞ்சலை அது இழுத்து வருவதில்லை. 5 முதல் 30 நொடி வரை அனுப்பாமல் வைத்திருக்கிறது. 2009இல் சோதனை வசதியாக வந்து, 2015இல்தான் முறையான வசதியானது.

லேரி டெஸ்லரின் கருத்து ஒன்றை மேலாளரிடம் சொன்னேன். நாம் தினமும் செய்யும் வெட்டி ஒட்டும் வேலைக்கு ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் அவர், 2020இல் மறைந்தார். எந்தச் செயலிலும் குறைக்க முடியாத ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி என்பது அவர் வாதம். பொறியாளர் ஒரு வாரம் கூடுதலாக உழைத்துச் சுமக்கலாம். இல்லையென்றால் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமக்க வேண்டியதுதான். மேலாளரைச் சம்மதிக்க வைத்தது அந்த வாதம் அன்று. அந்தத் துண்டுச் சீட்டை நான் எடுத்திருந்த புகைப்படம். அதைப் பெரிதாக்கிக் காட்டியதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூன்று வாரத்தைக் கொடுத்தார்.

உறுதி கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மீளவே முடியாத, எப்போதோ ஒரு முறை செய்கிற செயலுக்குக் கேட்கலாம். நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு நிரல் களஞ்சியத்தை அழிக்க வேண்டுமானால் அதன் பெயரை நம் கையாலேயே தட்டெழுத வேண்டும். பழக்கத்தால் விரல் தானாகச் செய்துவிட முடியாத வேலை அது. எதை அழிக்கிறோம் என்பது கண்ணிலும் கையிலும் பட்டுத்தான் தீரும். ஒரு நாளில் 200 முறை வரும் பெட்டிக்கு அந்தத் தகுதி கிடையாது. ‘ரத்து செய்யவா?’ என்று கேட்டுவிட்டு, கீழே ‘ரத்து’, ‘சரி’ என்று இரண்டு பட்டன்களை வைப்பவர்கள், அந்த ‘ரத்து’ எதை ரத்து செய்யும் என்று வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்த்திருந்தால் போதும்.

சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. பத்து நிமிடம் நிரப்பிய படிவத்தை ‘உங்கள் நேரம் முடிந்தது’ என்று சொல்லி மொத்தமாக விழுங்கும் பக்கங்கள். என்ன தவறு என்று தமக்குத் தெரிந்திருந்தும் ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று மட்டும் சொல்பவை. கடவுச்சொல் கட்டத்தில் ஒட்ட விடாதவை. ஒட்ட அனுமதிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி 2017இலேயே பரிந்துரைத்துவிட்டது. பாஸ்வேர்ட் மேனேஜர் வைத்து நீளமான கடவுச்சொல் பயன்படுத்துகிறவருக்குத்தான் அந்தத் தடை இடைஞ்சல். ஆனாலும் பாதுகாப்பு என்ற பெயரில் அது இன்னும் தொடர்கிறது.

மூன்று வாரம் ஐந்து வாரமானது. படிவம் திறக்கும்போதே அதற்கு ஒரு தனி எண் கொடுத்து, அதே எண்ணோடு இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிய பதிவு போடாமல் பழைய பதிவையே காட்டும்படி செய்தோம், எஃப்5 தீங்கற்றதாகிவிட்டது. ‘மொத்தம்’ வரிக்கு முதலிலேயே இடம் ஒதுக்கியதில் பட்டன் நகர்வது நின்றது. அது பத்து நிமிட வேலை, இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்த பத்து நிமிட வேலை. பெட்டி போய்விட்டது. அதன் இடத்தில், பதிந்ததும் திரையின் மேலே ஒரு பட்டை வருகிறது: எந்த பில், என்ன சரக்கு, எத்தனை பெட்டி என்று சொல்லி, பக்கத்தில் ‘திரும்பப் பெறு’ என்ற பட்டன்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் அதே மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பழைய சீட்டு அங்கேயே இருந்தது. இரண்டு வரிகளும் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன. கீழே புதிய மையில் மூன்றாவது வரி ஒன்று: ‘திரும்பப் பெறு 10 நொடிதான் இருக்கும், உடனே பார்க்கணும்.’ அந்தப் பட்டை 10 நொடியில் மறையும்படி வைத்தவன் நான்தான். அடுத்த பதிவுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவருக்கோ ஒரு பில்லை முடித்து அடுத்ததை விரித்து வைக்கவே அதற்கு மேல் ஆகிறது. தவறு கண்ணில் படுவது பெரும்பாலும் அடுத்த பில்லைப் பார்க்கும்போதுதான். “எவ்வளவு நேரம் இருந்தா வசதியா இருக்கும்மா?” என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, “நேரம் எதுக்கு சார், அடுத்தது பதியிற வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டுமே” என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து கோரிக்கைப் பட்டியலில் பதிந்திருக்கிறேன். வகை என்ற கட்டத்தில் ‘திரையின் பிழை’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்து.